பன்னிரண்டு துணி வில்லை

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சாக்கில் சுற்றியிருப்பது துப்பாக்கி. பயப்பட வேண்டாம். குழலுக்குள் மருந்து இல்லை. இருந்தாலும் கேப்பு வைக்காமல் வெடிக்காது. கேப்பு என்றால் சின்னச் செம்புத் தொப்பி. குதிரை என்கிற சுத்தி வந்து அதன் தலையில் தட்டினால்தான் உள்ளே பொறி போகும். இப்போது அதுவும் இல்லை. வெறும் கட்டையும் இரும்பும்தான்.

நீங்கள் காட்டிலாகா ஆள் இல்லையே? தப்பாக நினைக்காதீர்கள். செம்மேட்டில் ஏறினீர்கள். இத்தனை சீட்டு காலியாக இருக்கிறது. நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அதனால் கேட்டேன். இல்லை என்று தலையாட்டுகிறீர்கள். சரி. வாயைத் திறந்து சிரமப்பட வேண்டாம், தலையை ஆட்டினாலே போதும். இந்த பஸ் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. இப்போது ஆட்களும் சரியில்லை. யாரும் வாயைத் திறந்து பேசுவதே கிடையாது. நான் போய் நின்றால் டீக்கடையில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா?

லைசென்ஸ் உண்டு. சின்னாண்டி, பயிர்க் காவலுக்கு என்று எழுதி முத்திரை வைத்திருக்கிறது. அது விஷயமாகத்தான் நாமக்கல் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம். நானும் என் வீட்டுக்காரியும். அதோ, டிரைவருக்குப் பின்னால் பச்சைச் சேலை. அவள்தான், தைலம்மாள். வளைவில் தலை சுற்றும் என்று முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அதுவும் நல்லதுதான். நான் சொல்லப்போவது அவள் காதில் விழக்கூடாது. மெதுவாகத்தான் பேசுகிறேன். முன் சீட்டுக்காரர் எதற்குத் திரும்பிப் பார்க்கிறார்? ஒட்டுக் கேட்கிற பழக்கம். பார்க்கட்டும்.

சாக்கைக் கொஞ்சம் விலக்குகிறேன், பாருங்கள். தோளில் வைக்கிற கட்டை இது. இதன் பக்கவாட்டில் பித்தளை மூடி தெரிகிறதா? நகத்தால் நெம்பினால் திறக்கும். உள்ளே கட்டையைக் குடைந்து ஒரு பெட்டி. எல்லா நாட்டுத் துப்பாக்கியிலும் இது இருக்காது. இது என் மாமனார் வைத்திருந்த துப்பாக்கி. இந்தப் பெட்டியில் என்ன வைக்க வேண்டும், என்ன வைக்கக்கூடாது என்று அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். அவருக்குப் பிறகு நான்.

பன்னிரண்டு துணி வில்லை. ஆறு கேப்பு, ஒரு மூக்குப்பொடி டப்பியில். பொறி போகிற துவாரம் அடைத்துக்கொண்டால் குத்திவிட ஓர் ஊசி. வாழை மட்டையில் சுற்றி ஒரு நெல்லிக்காய் அளவு ஆட்டுக் கொழுப்பு. அவ்வளவுதான். மருந்து மட்டும் வைக்கவே கூடாது. கன்னத்துக்குப் பக்கத்தில் பொறி பறக்கிற சாமான் இது. மருந்துக்கு வேறு கொம்பு இருக்கிறது, அது கயிற்றில் தொங்கும்.

துணி எதற்கு என்று கேட்கிறீர்களா? நான் குண்டு போடுவதில்லை. பன்றியை விரட்டச் சத்தம்தான் வேண்டும். குழல் வாயில் மருந்தைக் கொட்டி, அதன் மேல் ஒரு துணி வில்லையை வைத்து, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். கெட்டித்தால்தான் வெடி. இல்லாவிட்டால் புஸ் என்று போய்விடும். வில்லையில் கொழுப்புத் தடவ வேண்டும், இல்லையென்றால் எரிந்துகொண்டே போய் எவன் தோட்டத்திலாவது விழும். நூல் துணியாகத்தான் இருக்க வேண்டும். நைலான் என்றால் உருகிக் குழலில் ஒட்டிக்கொள்ளும். என் பழைய வேட்டியில் நானே வெட்டி வைப்பேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை.

இன்னொன்று. பெட்டிக்குள் எதுவும் ஆடக்கூடாது. ஆடினால் பன்றிக்குக் கேட்டுவிடும். இதோ, குலுக்குகிறேன். கேட்டீர்களா? ஒரு சத்தமும் இல்லை. அப்படி வைத்திருக்கிறேன். என்ன, நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்? துப்பாக்கி பார்த்ததில்லை போலிருக்கிறது. சாக்கை மூடிவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் குச்சிக்கிழங்கு, உங்கள் ஊரில் மரவள்ளி, போட்டிருந்தேன். கிழங்கு பருக்க ஆரம்பித்ததும் பன்றி வரும். ஒரு கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் உழுது போட்டுவிடும். அதனால் தோட்டத்தில் குடிசை போட்டு ராத்திரி அங்கேயே படுப்பேன். துப்பாக்கி தலைமாட்டில். எனக்கு முயல் காது. சருகு அசைந்தால் எழுந்துவிடுவேன். ஆனால் அந்த வருஷம் எழுந்திருக்க வேண்டிய வேலையே வரவில்லை. ஒரு பன்றி கூட என் பக்கம் வரவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் வேலி ஓரத்தில் குளம்புத் தடம் இருக்கும். வந்து, நான் காவல் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன்.

விடிவதற்கு முன்பே தைலம்மாள் காப்பித் தண்ணீர் கொண்டுவருவாள். "பன்னி வந்துச்சா?" என்று தினமும் கேட்பாள். பக்கத்தில் வந்து, என் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திக் கேட்பாள். என் காதுக்குத் தப்பி ஒரு பன்றி வருமா என்று நானும் தினமும் சொல்வேன். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு போவாள்.

ஐப்பசி மழை நின்ற சமயம். வெயிலில் துப்பாக்கியைத் துடைத்து வைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். எண்ணினேன். பன்னிரண்டு இருந்தது. ஆனால் ஒன்று வெள்ளை இல்லை. ஊதாப் பூப்போட்ட துணி.

நீங்கள் என்ன நினைப்பீர்கள்? திருட்டு என்றால் குறைய வேண்டும். இது குறையவில்லை. குறைந்திருந்தால் நான் கூடச் சும்மா இருந்திருப்பேன், எலி இழுத்திருக்கும் என்று. எடுத்தவன் எடுத்த இடத்தில் கணக்காகத் திருப்பி வைத்திருக்கிறான். அப்படியென்றால் மறுபடியும் எடுப்பதற்கு வழி வைத்திருக்கிறான். எனக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியது. மேலும் அது நல்ல நூல் துணி. நைலானை வைக்கவில்லை. விவரம் தெரிந்த ஆள்.

அதற்கப்புறம் தினமும் திறந்து பார்த்தேன். இரண்டு ஊதா ஆயிற்று. நான்கு ஆயிற்று. கேப்பு மட்டும் எப்போதும் ஆறு. மருந்துக் கொம்பு லேசாகிக்கொண்டே வந்தது, ஆனால் மருந்தை எண்ண முடியாதே. வீட்டுப் பெட்டகத்தில் மீதிக் கேப்பு வைத்திருக்கிறேன். அதில் யாரும் கை வைக்க முடியாது, சாவி தைலம்மாளின் இடுப்பில்தான் இருக்கும். அதனால் அது பத்திரம் என்று பார்க்கவில்லை.

ஊதா வில்லை ஒன்றை முகர்ந்து பார்த்தேன். ஆட்டுக் கொழுப்பு வாசனை இல்லை. தேங்காய் எண்ணெய். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்.

என் மலையில் தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவுகிற ஆண் ஒருவன்தான் உண்டு. சீரங்கன். தைலம்மாளின் தம்பி. செம்மேட்டில் மிளகு வாங்கி விற்கிறான். அவனுக்கும் இந்தத் துப்பாக்கிக்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. என் மாமனார் சாகும்போது அவன் சின்னப்பயல், லைசென்ஸ் அவன் பேரில் போட முடியாது. அதனால் மருமகனான என் பேருக்கு வந்தது. பெரியவன் ஆனதும் அவன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்காத ஆளைத்தான் நம்பக்கூடாது.

தைலம்மாளிடம் சொன்னேன். அவள் துவரையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்துவிட்டு, "அவன் ஏங்க இவ்வளவு தூரம் வந்து உங்க துணிய எடுக்கறான்?" என்றாள். தம்பி என்றால் அப்படித்தான் பேசுவாள். அவளிடம் சொன்னதே தப்பு என்று விட்டுவிட்டேன்.

அந்த மாதத்தில் ஒரு காதுகுத்து வந்தது. பந்தியில் வேண்டுமென்றே சீரங்கன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் இலைக்குக் குனிந்த நேரத்தில் நானும் குனிந்து அவன் தலையை முகர்ந்து பார்த்தேன். அவன் நிமிர்ந்து, நன்றாகச் சத்தமாகவே கேட்டான்.

"என்ன மாமா, பேன் பாக்கறீங்களா? அக்கா அனுப்புச்சா?"

பந்தியே சிரித்தது. ஆனால் வாசனை அதேதான். தேங்காய் எண்ணெய். சிரிக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று எனக்கு இன்னும் உறுதியாகிவிட்டது.

அடுத்து ஒரு பொறி வைத்தேன். என் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, பித்தளை மூடிக்குக் குறுக்கே பலாப்பாலால் ஒட்டினேன். திறந்தால் அறுந்துவிடும். காலையில் பார்த்தேன். முடி இருந்தது. ஆனால் என் முடி விரல் அளவு. இது முழ நீளம். ஒட்டின பலாப்பால் கூடப் புதிது. ஆக, ஒரு பொம்பளையும் இதில் கூட்டு. சீரங்கன் பெண்டாட்டி வள்ளிக்கு நீள முடி. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கீழ்த் தோட்டத்து அய்யாவு ஒருநாள் வழியில் நிறுத்தினான். அவன் கொஞ்ச நாளாக என்னிடம் கத்தித்தான் பேசுகிறான், என்ன திமிரோ. "அண்ணா, உங்க தோட்டத்து வெடிதான் என் கிழங்கையும் காப்பாத்துது. விடியறப்ப ஒண்ணு போட்டா மூணு தோட்டத்துக்குப் போதும்" என்றான். கிண்டல். அந்த வருஷம் நான் ஒரு வெடி கூட வைக்கவில்லை. ஆனால் அந்தக் கிண்டலில் ஒரு சாட்சி கிடைத்தது பாருங்கள். எவனோ என் துப்பாக்கியை எடுத்து வெடித்துக்கொண்டு இருக்கிறான். என் தலைமாட்டிலிருந்து எடுத்து, எனக்குக் கேட்காத தூரம் கொண்டுபோய் வெடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறான்.

ஊர்க் கவுண்டரிடம் போனேன். நாலு பேரைக் கூட்டினார். சீரங்கனைக் கூப்பிட்டார். நான் எழுந்து, துணி, எண்ணெய், முடி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அன்றைக்குப் பேசினேன். சீரங்கன் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். நான் முடித்ததும் கவுண்டர் என்னிடம் சைகையும் பேச்சுமாகச் சொன்னார். போலீசுக்கு எழுதிக் கொடுத்தால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், லைசென்ஸும் போகும். அதனால் ஊரோடு முடித்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை பெரியசாமி கோயிலில் சீரங்கன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணட்டும்.

நீங்கள் வெளியூர். அதனால் சொல்கிறேன். எங்கள் மலையில் ஒருவனைக் கற்பூரம் அணைக்க வைப்பது சின்ன விஷயம் இல்லை. கையால் நெருப்பை அணைத்து, நான் செய்யவில்லை என்று அவன் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. ஆனால் உறவும் முடிந்தது. சத்தியம் கேட்ட வீட்டில் அவன் பிறகு தண்ணீர் குடிக்க மாட்டான். நல்லது கெட்டதுக்கு வர மாட்டான். அக்கா செத்தால்கூடக் கோடித் துணி எடுத்து வர மாட்டான். தைலம்மாளுக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு இருப்பது சீரங்கன் வீட்டு வாசல்தான்.

தெரிந்தும் நான் சரி என்றேன். என் கணக்கு சரியாக இருந்தது. கணக்கு சரியாக இருக்கும்போது நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து சொன்னேன். தைலம்மாள் என் முன்னால் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாங்க. துணிதான, நாந் தர்றேன். சத்தியம் மட்டும் வேண்டாங்க" என்றாள். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. தம்பியைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று கையை உதறிவிட்டேன்.

அவளிடம் ஏதோ இருக்கிறது என்று அப்போதே தோன்றியது. அவளும் கூட்டோ என்று நினைத்தேன். நினைத்தேன், ஆமாம். நாற்பத்தைந்து வருஷம் சோறு போட்டவளை.

வியாழக்கிழமை ராத்திரி ஒரு முடிவு செய்தேன். இத்தனை நாளும் காதை நம்பிக் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். இவன் காலடி வைத்தால் புல் கூட அசையாது போலிருக்கிறது. காதால் பிடிக்க முடியாது. அன்றைக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தேன். கம்பளியைத் தலை வரைக்கும் இழுத்து, ஒரு கண்ணுக்கு மட்டும் வழி விட்டேன்.

கிழக்கு வெளுக்கிற நேரம். குடிசை வாசலில் ஒரு ஆள் குனிந்தது.

தைலம்மாள். கையில் காப்பித் தூக்குப்போசி. அதை மூலையில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். என் காலில் விலகியிருந்த கம்பளியை இழுத்துப் போர்த்தினாள். அப்புறம் என் தலைமாட்டிலிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, கொம்பையும் மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

நான் கம்பளியோடு வாசலுக்கு நகர்ந்தேன். அவள் வரப்பில் நின்றாள். கொம்பிலிருந்து மருந்தை உள்ளங்கையில் கொட்டி, அளவு பார்த்து, குழலில் விட்டாள். நான் கூட அளவுக் குப்பி வைத்துத்தான் ஊற்றுவேன். அவளுக்குக் கைதான் குப்பி. பெட்டியைத் திறந்து ஒரு வில்லை எடுத்தாள். கம்பியை விட்டு இடித்து, டப்பியிலிருந்து ஒரு கேப்பு எடுத்து வைத்தாள். எங்கே போய் நிற்க வேண்டும், எந்தக் கால் முன்னால், எல்லாம் தெரிந்திருக்கிறது. அவள் அப்பா வீட்டுத் துப்பாக்கிதானே. அவள் அந்த வீட்டில் வளர்ந்த பெண் என்பது எனக்கு அதுவரை ஞாபகம் வந்ததே இல்லை.

வேலிக்கு அப்பால் பன்றிகள். ஒரு தாய், அதன் பின்னால் குட்டிகள், இன்னும் பெரிதாக இரண்டு. முதல் பாத்தியில் மூக்கை வைத்துவிட்டன. என் குடிசையிலிருந்து இந்த பஸ் நீளம் கூட இருக்காது.

அவள் வானத்தைப் பார்த்துப் பிடித்தாள். குழல் வாயில் நெருப்பு வந்தது. அவள் தோள் பின்னால் போனது. வெள்ளைப் புகை. பன்றிகள் விழுந்தடித்து ஓடின. பலா மரத்திலிருந்து அத்தனை பறவையும் எழும்பியது. அய்யாவு தோட்டத்து நாய் வரப்பில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது.

ஒரு சத்தமும் இல்லை.

மலையில் சத்தம் தாமதமாக வரும். எதிர் மலையில் மோதித் திரும்பி வரும். அதனால் காத்திருந்தேன். புகை கலைந்தது. பறவைகள் திரும்பி வந்து உட்கார்ந்தன. நாய் படுத்துக்கொண்டது. இன்னும் வரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை.

பஸ் ஏன் இப்படி இருக்கிறது? எல்லோரும் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள். கண்டக்டர் கூட டிக்கெட் கிழிக்காமல் நிற்கிறார். எத்தனையாவது வளைவு இது? அவள் திரும்பவில்லையே? இல்லை. நல்லது. தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள். சொன்னேனே, வளைவு ஒத்துக்கொள்ளாது.

அது என்ன மருந்து என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். சத்தமில்லாத மருந்து ஏதாவது புதிதாக வந்திருக்கிறதா? நீங்கள் படித்தவர், கேள்விப்பட்டதுண்டா? இல்லை என்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் அவள் என்ன செய்தாள் என்றால், வரப்பில் உட்கார்ந்து குழலைத் துடைத்தாள். முந்தானையை எடுத்து, அரிவாள் நுனியால் ஒரு துண்டு அறுத்தாள். ஊதாப் பூப்போட்ட சேலை. அந்தச் சேலை முந்தின வருஷத் தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது. அவள் மேல் அது தினமும் என் முன்னால் நடந்திருக்கிறது. நான் வில்லையைத்தான் பார்த்திருக்கிறேன். அறுத்த துண்டைத் தன் தலையில் வைத்து நாலு தேய் தேய்த்தாள். எண்ணெய் ஏறியது. பெட்டியில் வைத்தாள். இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு கேப்பு எடுத்து டப்பியில் போட்டாள். எல்லாவற்றையும் வெளியே எடுத்து எண்ணினாள். விரலை மடக்கி மடக்கி, இரண்டு தடவை. எனக்குக் கணக்குத் தப்பக்கூடாதே. கடைசியில் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினாள்.

நான் உள்ளே வந்து கண்ணை மூடிக்கொண்டேன். வந்து எழுப்பினாள். பன்றி வந்ததா என்று வழக்கம்போல் கேட்டாள். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. தெரியவில்லை என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். சீரங்கன் தலை முழுகி ஈரத் துணியோடு நிற்கிறான். அன்றைக்கு எண்ணெய் இல்லை. வள்ளி பிள்ளைகளோடு ஓரமாக நிற்கிறாள். தைலம்மாள் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் வேப்பமரத்துக்கு அடியில் நிற்கிறாள். பூசாரி தட்டில் கற்பூரத்தை வைத்துவிட்டார். கொளுத்தியும் விட்டார். சீரங்கன் கையை நீட்டினான்.

நான் போய்த் தட்டைப் பிடித்துக்கொண்டேன். சத்தியம் வேண்டாம் என்றேன்.

சீரங்கன் கையை எடுக்கவில்லை. நெருப்புக்கு மேலேயே வைத்துக்கொண்டு, எனக்குக் கேட்கிற மாதிரி கேட்டான். "ஊரைக் கூட்டித் திருடன்னு சொன்னீங்க. இப்ப வேண்டாம்னா? அப்ப எடுத்தது யாரு மாமா?"

கவுண்டர் என் வாயைப் பார்க்கிறார். ஊரே பார்க்கிறது. அவள் பேரைச் சொன்னால் ஏன் எடுத்தாள் என்று கேட்பார்கள். ஏன் எடுத்தாள் என்று கேட்டால் நான் ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்பார்கள்.

"நான்தான்" என்றேன். "நானே வெடிச்சுட்டு நானே துணி வெச்சிருக்கேன். மறந்துபோச்சு. எண்ணுனதுல தப்பு."

அதைச் சொல்ல எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. மலையில் யார் வீட்டில் பாகம் பிரித்தாலும், மரத்துக் காய் எண்ண வேண்டும் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சின்னாண்டி எண்ணினால் மறு எண்ணிக்கை கிடையாது. முதலில் அய்யாவு சிரித்தான். அப்புறம் எல்லோரும். பூசாரி கூட. சீரங்கன் சிரிக்கவில்லை. கையை எடுத்து ஈரத் துணியில் துடைத்துக்கொண்டான். அவன் என்னைப் பார்க்கவில்லை, வேப்பமரத்துப் பக்கம் பார்த்தான். அங்கே அவன் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பக்கத்தில் வந்து, என் முகத்துக்கு நேராக நின்று சொன்னான்.

"சரி மாமா. இனிமே எண்ணத் தெரிஞ்ச ஆளாப் பாத்துப் பக்கத்துல வெச்சுக்குங்க. மதியம் நம்ம வீட்ல சாப்பாடு. அக்காவைக் கூட்டியாங்க."

போனோம். கோழி அடித்திருந்தான். வள்ளி மட்டும் எனக்கு ஒரு கரண்டி குறைத்துத்தான் ஊற்றினாள். நான் கவனித்தேன்.

அப்புறம் தை பிறந்ததும் லைசென்ஸ் புதுப்பிக்கிற காகிதம் வந்தது. டாக்டர் சர்டிபிகேட் வேண்டுமாம். கண் பார்ப்பார்களாம், கை நடுக்கம் பார்ப்பார்களாம், ஒரு அறையில் உட்கார வைத்துக் காதும் பார்ப்பார்களாம். அந்த டாக்டர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று யார் கண்டது. வேண்டுமென்றே மெதுவாகப் பேசுவார்கள். அதனால் ஒரு யோசனை செய்தேன். எழுபது தாண்டினவன் வாரிசுக்கு மாற்றிக்கொடுக்கலாம் என்று விதி இருக்கிறதாம். எனக்கு எழுபத்திரண்டு. தைலம்மாள் பேருக்கு மாற்றப்போகிறேன். டாக்டர் இன்றைக்குப் பார்க்கப்போவது என்னை இல்லை, அவளை.

இதை அவளிடம் அடுப்படியில் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். ஒரு சாமானுக்கு இரண்டு பேர் கை வைத்தால் கணக்கு நிற்காது, அதனால் என்றேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள். புகையில் சரியாகக் கேட்கவில்லை.

முந்தாநாள் அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாளைக்கு அதிகாரி யாராவது போட்டுக்காட்டச் சொன்னால் தெரிய வேண்டுமே. மருந்து எவ்வளவு, வில்லை எப்படி, கம்பியை எத்தனை இடி என்று முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தேன். அவள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நானும் ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். இந்தக் கால் முன்னால் என்று நான் சொல்வதற்குள் அந்தக் கால் போய்விட்டது. உடனே பின்னால் இழுத்துக்கொண்டாள்.

வெடிக்கிறபோது நான் அவள் பின்னால் நின்று தோளில் கையை வைத்தேன். நெருப்பு வந்தது. என் கை அதிர்ந்தது, முழங்கை வரைக்கும். காலுக்கடியில் வரப்பும் லேசாக அதிர்ந்தது. நல்ல மருந்து. சத்தம் இருந்தது. நான் சும்மா சொல்லவில்லை, கையில் வந்தது.

அவள் உடனே முந்தானையைப் பிடித்தாள். அரிவாளைத் தேடினாள். பழக்கம். நான் வேண்டாம் என்றேன். வெடித்தது வெடித்ததாகவே இருக்கட்டும், குறைந்தது குறைந்ததாகவே இருக்கட்டும்.

நீங்கள் எங்கே எழுந்திருக்கிறீர்கள்? இறங்கும் இடம் இன்னும் வரவில்லையே. யாருக்கு இடம் விடுகிறீர்கள்? இவள் ஏன் முன்னாலிருந்து எழுந்து வருகிறாள்? ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. இது ஆம்பளை சீட்டு, தைலம்மா. கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது? வாந்தி எடுத்தாயா?

என்ன? வாயைத் திறந்து சொல்.

சரி, சொல்லாதே. உட்கார். ஜன்னல் பக்கம் வா. இந்தா, சாக்கோடு பிடி. ஆபீசில் போய் வாங்குவதற்கு இங்கேயே வாங்கிக்கொள். பெட்டியைத் திறந்து எண்ணி வாங்கு, அப்புறம் என்னைக் கேட்கக்கூடாது.

பதினொன்று இருக்கும்.